ரன்னிங் கண்டிஷன்

ஒரு வீட்டில் துக்கம் நடந்தால், அழ வந்தவர்கள் அழுதுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மிச்சமிருக்கிற சாமானை எப்படி விற்கலாம் என்று யோசனை சொல்ல வந்தவர்கள்தான் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். மேனாம்பேட்டில் ரேணுகாவின் வீட்டுக்கு எட்டு மாதமாக அப்படிப்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கணவன் நடேசன் மாரடைப்பில் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஷெட்டில் நான்கு மெஷின்கள் சும்மா நின்றன. இரும்பு கடைகிற லேத் ஒன்று, துளை போடுகிற டிரில்லிங் மெஷின் ஒன்று, சாணை பிடிக்கிற மெஷின் ஒன்று, அப்புறம் பத்து டன் அழுத்தத்தில் தகடு வெட்டுகிற ஒரு பவர் பிரஸ். மொத்தமாகத் தள்ளிவிடு என்றார் ஒருவர். மொத்தமாக விற்றால் ஏமாந்துபோவாய், ஒவ்வொன்றாக விற்க வேண்டும் என்றார் இன்னொருவர். விற்கவே விற்காதே, ஆளை வைத்து ஓட்டு என்று மூன்றாவது ஆள். இவர்களில் ஒருத்தர்கூட ஒரு போல்ட்டைக் கழற்றித் தர வரவில்லை.

வந்தது நடேசனின் தம்பி லோகநாதன் மட்டும்தான். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கில் வந்து இறங்கிவிடுவான். எதையும் முறைப்படி செய்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். மெஷின்களைத் துடைத்தான், எண்ணெய் போட்டான், கல்யாணப் பெண்ணைப் போல நாலு பக்கமும் நிறுத்திப் போட்டோ எடுத்தான், செல்போனில் விளம்பரம் போட்டான். லேத்தை ஐயப்பன்தாங்கலில் இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு மனிதர் தடவித் தடவிப் பார்த்து வாங்கிப் போனார். டிரில்லிங் மெஷினும் சாணை மெஷினும் ஒரு கேட் கிரில் பட்டறைக்குப் போயின. லேத் வண்டி ஏறியபோது ரேணுகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அவை மூன்றும் நல்ல மெஷின்கள், யார் கையில் போனாலும் ஒழுங்காக வேலை செய்யும்.

மிஞ்சியது பிரஸ். அதற்கும் லோகநாதன் விளம்பரம் எழுதியிருந்தான். 'பத்து டன் பவர் பிரஸ். வீட்டு உபயோகம். ரன்னிங் கண்டிஷன்.' எழுதியதை அண்ணிக்கு உரக்கப் படித்தும் காட்டினான். ரேணுகா எழுந்து அடுப்படிக்குள் போனாள்.

ரன்னிங் கண்டிஷன் என்பதில் பொய் இல்லை. சுவிட்சைப் போட்டால் மேலே பெரிய சக்கரம் சுற்றும். காலால் பெடலை மிதித்தால் இரும்புத் தலை ஒன்று மேலிருந்து இறங்கி, கீழே வைத்த தகட்டை ஒரே அடியில் வாஷராக வெட்டிவிட்டு ஏறிக்கொள்ளும். ஒரு மிதிக்கு ஒரு அடி. அது ஏறியிருக்கிற நேரத்தில் கையை உள்ளே விட்டு வெட்டினதை எடுத்துவிட்டு, அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஆனால் இந்தப் பிரஸ் இப்படி ஒழுங்காக இருப்பதெல்லாம் முதல் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். சூடு ஏறிய பிறகு, எப்போதாவது ஒரு தடவை, ஒரு மிதிக்கு இரண்டு அடி அடிக்கும். கை உள்ளே இருக்கிற சமயத்தில் தானாக இறங்கும். இந்த விஷயம் குடும்பத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் போய்விட்டார்.

ரேணுகாவின் வலது கை ஆள்காட்டி விரலில் மேல்கணு கிடையாது. பிரஸ்ஸை வாங்கிய நாலாவது மாதம் அது போனது. வாங்கி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஊருக்கெல்லாம் மாவு கிரைண்டரில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் வாஷர் வேலை கொடுக்கிற கம்பெனி அடுத்த நாளே தகடு அனுப்புவதை நிறுத்திவிடும். அதைவிட, லோகநாதனுக்குத் தெரியக்கூடாது. அவன் பாக்டரியில் பாதுகாப்பு விதி பேசுகிறவன். தெரிந்தால் மெஷினைத் தெருவில் தூக்கிப் போட்டுவிடுவான் என்று நடேசன் பயந்தார். லோகநாதனும் நம்பிவிட்டான். நம்பினது மட்டுமா, பொங்கலோ தீபாவளியோ, இலையில் இட்லி விழுந்தால் போதும், "அண்ணி, மாவுல வெரல் கிரல் கீதான்னு பாத்துட்டுத் துன்னலாமா?" என்று ஆரம்பித்துவிடுவான். எல்லாரும் சிரிப்பார்கள். ரேணுகாவும் சிரிப்பாள். நடேசன் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு முறை வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். "லோகு, இத்த பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?"

"இன்னா அண்ணி, தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்று அவன் பதறிப்போனான். "ஓடுற மெஷினு. எழுபதாயிரத்துக்குக் கொறையாம போவும். இரும்புக்குப் போட்டா முப்பதுகூட வராது. ரூம்பு கட்டணும்னு சொன்னீங்களே, பாத்ரூமுக்கு எங்க போவீங்க?"

அதுவும் நியாயம்தான். ஷெட்டை ஒரு அறையாக மாற்றி வாடகைக்கு விட வேண்டும் என்பது அவள் திட்டம். மூன்று மெஷின் விற்ற பணம் சுவருக்கும் கூரைக்கும் சரியாகப் போகும். பிரஸ் பணம் வந்தால்தான் பாத்ரூம். பாத்ரூம் இல்லாத அறைக்கு யார் வருவார்கள்? அதனால் அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். பெரிய கம்பெனிக்காரன் எவனாவது வந்து, மெக்கானிக்கை வைத்துப் பிரித்துப் பார்த்து, எல்லாம் தெரிந்துகொண்டு வாங்கிப் போகட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வந்தது பெரிய கம்பெனிக்காரன் இல்லை. திருமழிசையில் இருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவன் பெயர் பாபு, லோடு வண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். பேசுவதற்கெல்லாம் சேர்த்து அவன் மனைவி சபீனா இருந்தாள். முப்பது வயது இருக்கும். உள்ளே வந்ததும் மெஷினைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்துபோனாள்.

"நான்தான்க்கா உக்காரப்போறேன். நாலு வருசமா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பிரஸ்லதான் கீறேன். புள்ளைய பக்கத்து ஊட்ல உட்டுட்டு ஓடணும், ஷிப்ட் முடிஞ்சி வந்தா அது தூங்கிப்பூடும். முகத்தையே பாக்க முடியல. ஊட்லயே ஒரு மெஷினைப் போட்டுக்கினா அது பக்கத்துல வெளாடிகினு இருக்கும்ல?"

லோகநாதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்கிற மாமாவைப் போல, மோட்டார் ஒரிஜினல், சக்கரத்தில் ஒரு கீறல் கிடையாது, பெல்ட் போன வருஷம்தான் மாற்றியது, அண்ணி பன்னிரண்டு வருஷமாக ஓட்டி மகளைப் படிக்கவைத்தது இதில்தான் என்று அடுக்கினான். சுவிட்சைப் போட்டான். சபீனா துப்பட்டாவை இழுத்து முதுகுப்பக்கம் முடிந்துகொண்டாள், வளையலைக் கழற்றிப் பாபுவிடம் கொடுத்தாள், ஸ்டூலை அரை அடி பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். ரேணுகா பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலை தெரிந்த பெண். மிதித்தாள், எடுத்தாள், வைத்தாள், மிதித்தாள். இருபது வாஷர் விழுந்தது. இருபதும் சுத்தமாக விழுந்தது. விழத்தான் செய்யும், மெஷின் இன்னும் சூடாகவே இல்லையே.

"பஞ்சு மாதிரி கீதுக்கா" என்று எழுந்தாள் சபீனா. எழுந்தவள் ஜன்னலைப் பார்த்தாள். ஸ்டூலுக்குப் பின்பக்கம் ஜன்னல் கம்பியில் இரண்டு கயிறுகள் தொங்கின. புடவைக் கரையைக் கிழித்துத் திரித்த கயிறு, நுனியில் சுருக்கு. "இன்னாத்துக்குக்கா இந்தக் கயிறு?"

"துணி காயப்போட" என்றான் லோகநாதன். அவன் அப்படித்தான் நினைத்திருந்தான்.

விலை பேசினார்கள். லோகநாதன் எழுபத்தைந்தில் ஆரம்பித்தான், சபீனா அறுபதில் ஆரம்பித்தாள், எழுபதில் வந்து நின்றது. பாபு சட்டைப் பையில் இருந்து ஐயாயிரம் ரூபாயை எடுத்து அட்வான்ஸாக லோகநாதனிடம் நீட்டினான். சபீனா அதை நடுவிலேயே பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா கைல குடுக்குறேன். இத்தினி வருசம் ஒக்காந்து சம்பாதிச்ச கையி. நீங்க வாங்குங்கக்கா, எனக்கு ராசியா இருக்கும்."

புருஷன் போன பிறகு ரேணுகாவின் கையை ராசியான கை என்று யாரும் சொன்னதில்லை. சொந்தத் தங்கை வீட்டுச் சீமந்தத்தில்கூட வளையல் தட்டை அவள் பக்கம் நீட்டாமல் நகர்த்திக்கொண்டு போனார்கள். இந்தப் பெண் இரண்டு கையாலும் பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கையை நீட்டப்போன ரேணுகா அப்படியே இழுத்துக்கொண்டாள்.

"அது துணி காயப்போடுற கயிறு இல்லம்மா" என்றாள். "என் கையக் கட்டுற கயிறு. ஒவ்வொரு மணிக்கட்டுலயும் ஒண்ணு. கை உள்ள போவும், ஆனா அடி விழுற எடத்துக்குப் போவாது. அந்த அளவுக்கு அவரே வெச்சிக் கட்டினாரு."

"இன்னா அண்ணி சொல்றீங்க?" என்றான் லோகநாதன்.

"இது சூடானா ரெண்டு அடி அடிக்கும் லோகு. ஒரு மிதிக்கு ரெண்டு. எப்போன்னு சொல்ல முடியாது. என் வெரல் கிரைண்டர்ல போவல. இதுலதான் போச்சு."

ஷெட்டில் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. லோகநாதன் போய்ச் சுவிட்சை அணைத்தான். பன்னிரண்டு வருஷ இட்லித் தமாஷ் அத்தனையும் அவன் முகத்தில் வந்து நின்றது. பாபு பெண்டாட்டியின் கையில் இருந்த பணத்தை வாங்கி மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றான்.

இத்துடன் முடிந்தது என்றுதான் ரேணுகா நினைத்தாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, அவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள், பாரம் இறங்கியது என்று ஒரு பெருமூச்சுகூட விட்டாள். சபீனா நகரவில்லை. மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அப்போ எவ்ளோ கொறைப்பீங்கக்கா?"

"இன்னாம்மா?"

"கொறை கீற மெஷினுக்கு எழுபது குடுக்க முடியாதில்ல? நாப்பது வெச்சிக்கலாம். மொதல்ல ஓட்ட ஆரம்பிக்கிறேன், நாலு காசு பாத்துட்டு அப்பால ரிப்பேர் பண்ணிக்கிறேன். சூடானா நிறுத்திடுவேன். எனக்குக் கை பழக்கம்க்கா, ஒண்ணியும் ஆவாது."

ரேணுகாவுக்கு இது புதுசில்லை. இதே பேச்சு. கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று, நடேசன் இந்த ஷெட் வாசலில் உட்கார்ந்து, வித்துடலாம் ரேணு, போதும் என்று சொன்னபோது அவள் சொன்ன பேச்சு. எனக்குக் கை பழக்கம் ஆயிடுச்சு, நாலு காசு பாத்துட்டு ரிப்பேர் பண்ணிக்கலாம், சூடானா நிறுத்திடுறேன். மகளைப் பெரிய ஸ்கூலில் சேர்த்த வருஷம் அது. ரிப்பேருக்கு இரண்டு தடவை மெக்கானிக் வந்தான். உள்ளே சக்கரத்தைச் சுமக்கிற ஷாஃப்டே தேய்ந்துபோய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும், அதற்கு இன்னொரு மெஷினே வாங்கிவிடலாம் என்றான். நாலு காசு வந்தது. வந்த காசு ஃபீஸுக்கும் கரண்ட் பில்லுக்கும் போனது. சூடானால் நிறுத்த வேண்டும் என்றுதான் தினமும் நினைப்பாள். வாஷர் எடுக்கிற கம்பெனி வண்டி மதியம் மூன்றுக்கு வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கும்போது யார் நிறுத்துவார்கள்? கயிறு கட்டினால் கை மெதுவாகிறது என்று பாதி நாள் அதையும் கழற்றித்தான் போட்டிருப்பாள்.

இன்னொன்றும் அவளுக்கு மறக்கவில்லை. இந்த மெஷினை அவர்கள் வாங்கியது மூடிப்போன ஒரு கம்பெனியில் இருந்து. வண்டியில் ஏற்றும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவள். இடது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். ரேணுகாவை ஒரு மாதிரி பார்த்தாள், ஏதோ சொல்ல வந்தவள் போல உதடு அசைந்தது, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணை ரேணுகா எத்தனையோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? இப்போது இன்னொரு சந்தேகமும் வந்தது. அவள் சொல்லியிருந்தால் மட்டும் நாங்கள் வாங்காமல் இருந்திருப்போமா? விலையைக் குறைத்துக் கேட்டிருப்போம்.

"இல்லம்மா" என்றாள். "நாப்பதுக்கும் இல்ல. இத்த நான் விக்கல."

"அக்கா, நாப்பத்தஞ்சி."

"விக்கல கண்ணு."

சபீனாவின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாக்கா இது, நீங்க பன்னெண்டு வருசம் இதுல சம்பாதிச்சிட்டு, நாங்க கேட்டா மட்டும் வெரல் பூடும்னு சொல்றீங்க" என்றாள். பாபு அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போனான். வாசலில் இருந்து அவள் திரும்பி, "யோசிச்சி வைங்க, நாங்க மறுபடி வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லோகநாதன் ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ரேணுகா காபி கொண்டுவந்து வைத்தாள். ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணன் தெரிஞ்சேதான் உங்கள உக்கார வெச்சாரா?" என்று கேட்டான்.

"அவரு வேணாம்னாரு. நான்தான் உக்காந்தேன்."

"நீங்க சொல்லுவீங்க. அவருக்கு எங்க போச்சு புத்தி? பெடலக் கழட்டிப் போட்டுட்டா நீங்க எப்பிடி உக்காருவீங்க?"

நடேசன் கெட்டவர் இல்லை. மதியம் அவள் சாப்பிடப் போகிற நேரத்தில், சூடான மெஷினில் தானே உட்கார்ந்து ஓட்டுவார். ராத்திரி அவள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார், அந்த விரலுக்கு வரும்போது மட்டும் விளக்கை அணைத்துவிடுவார். ஆனால் மறுநாள் காலையில் தகடு வரும், இரண்டு பேரும் எண்ணி இறக்குவார்கள். "ரெண்டு பேருந்தான் லோகு" என்றாள் ரேணுகா. "எங்களுக்குப் பணம் வேண்டியிருந்தது." சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. லோகநாதன் அண்ணியைத் தேற்றத் தெரியாமல், ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்து வைத்தான்.

மறுநாள் திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பழைய இரும்புக் கடை ஜஸ்டினைக் கூட்டிவந்தான். ஜஸ்டின் அம்பத்தூரில் முப்பது வருஷமாக இரும்பு எடுக்கிறவர், தொந்திக்கு மேல் பனியன் நிற்காது. வந்தவர் எடை போடுகிற பேச்சையே எடுக்கவில்லை. சக்கரத்தை ஒரு கையால் தள்ளிச் சுற்றிப் பார்த்தார்.

"ஓடுதாம்மா?"

"ஓடுது. ஆனா கோளாறு" என்று ரேணுகா விஷயத்தைச் சொன்னாள்.

"அது கெடக்கட்டும். ஓடுதுல்ல, நாப்பத்திரெண்டு தர்றேன்."

"இரும்புக்கா அவ்ளோ?"

ஜஸ்டின் சிரித்தார். "ஓடுற மெஷினை எவன்மா இரும்புக்கு ஒடைப்பான்? பச்சை பெயிண்ட் ஒரு கோட்டு அடிச்சி வெச்சா பூந்தமல்லி பக்கம் ரெண்டு பார்ட்டி கேட்டுகினே கீறாங்க. அதப்பத்தி உங்களுக்கு இன்னா கவலை, உங்க கைய வுட்டுப் போச்சுன்னா போச்சு."

ஜஸ்டின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் தொழிலை அவர் பார்க்கிறார். ரேணுகா தலைப்பைச் செருகிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். "இங்கயே ஒடைச்சி எடுத்துகினு போறதா இருந்தா எடுங்க. என் கண்ணு முன்னால ஒடைக்கணும்."

"ஒடைச்சா இருபத்தேழுதான். கேஸ் கட்டருக்கு ரெண்டாயிரம் புடிச்சிப்பேன்."

ரேணுகா லோகநாதனைப் பார்த்தாள். பாத்ரூம் போச்சு, அண்ணி என்று சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினான். "மொதல்ல ஷாஃப்ட அறுங்க" என்றான் ஜஸ்டினிடம். "அத்த அறுத்துட்டா எவன் எந்தப் பெயிண்ட் அடிச்சாலும் ஓட்ட முடியாது. சக்கரத்த நான் பாத்துக்குறேன்."

ஜஸ்டினின் ஆள் சிலிண்டரைக் கொண்டுவந்து நெருப்பு வைத்து அறுக்க, அரை மணி நேரத்தில் ஷாஃப்ட் இரண்டாக நின்றது. சக்கரத்தைக் கீழே உருட்டிப் போட்டதும் லோகநாதன் சம்மட்டியை வாங்கினான். வார்ப்பிரும்பு, முதல் மூன்று அடிக்கு மணி மாதிரி சத்தம் மட்டும் போட்டது. நாலாவது அடியில் ஆரக்கால் ஒன்று விட்டுப்போனது. அவன் நிறுத்தவில்லை. அடிக்க அடிக்க ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அடித்தான். ரேணுகாவுக்குக் காதில் விழுந்தது, அவன் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தான், நடுநடுவே தன்னையும். வியர்வையோ கண்ணீரோ, மூக்கு நுனியில் சொட்டியது. போதும் லோகு என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

துண்டுகளை வாசலில் நின்ற வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. பாபுவின் லோடு வண்டி. சபீனா கம்பெனிச் சட்டையோடு குதித்து இறங்கினாள், பாதி நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். கையில் மஞ்சள் பை.

"அக்கா, ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க வெலைய ஏத்தத்தான் விக்கலன்னு சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். பரவால்ல, எழுபதே எடுத்தாந்துட்டேன். வண்டியும் கீது, இப்பவே ஏத்தி..."

உடைந்த சக்கரத்தின் துண்டு ஒன்றை இரண்டு பேர் தூக்கி அவள் கண் முன்னாலேயே வண்டியில் போட்டார்கள். அவள் ஷெட்டுக்குள் ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். வண்டியில் கிடந்த அறுபட்ட ஷாஃப்டை எட்டித் தொட்டுப் பார்த்தாள், இன்னும் சூடாக இருந்ததால் கையை உதறிக்கொண்டாள்.

"ஒடைச்சிட்டீங்களா?" என்றாள். குரல் கிழிந்தது. "நல்லா ஓடுற மெஷினு! நேத்து என் கையால ஓட்டிப் பாத்தேனே! நீங்க யாருக்கா ஒடைக்கிறதுக்கு? வாங்குறவ நானு, ஒக்காரப்போறவ நானு. என் கையி, என் வெரலு. போனா எனக்குத்தானே போவும்? உங்களுக்கு இன்னா, பொண்ணப் படிக்க வெச்சாச்சி, ஊடு கீது, வாழ்ந்து முடிச்சிட்டீங்க. எம்புள்ள பக்கத்து ஊட்டு வாசல்ல ஒக்காந்துகினு கீது. உங்க மனசு நல்லா இருக்கணும்னு எங்க பொழப்புல கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே!"

தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. பாபு தலையைக் குனிந்துகொண்டான். லோகநாதன் சம்மட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனிடம் போய், "தம்பி, என் நம்பரு வெச்சிக்க. நல்ல மெஷினா நான் தேடித் தர்றேன். நாலு மணி நேரம் ஓட்டிப் பாத்து, நானே பிரிச்சிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். பாபு நம்பரை ஏற்றிக்கொண்டான். சபீனா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று ரேணுகாவுக்குத் தெரியும். அந்தக் குழந்தை இன்றைக்கும் அம்மா வருவதற்குள் தூங்கிவிடும், நாளைக்கும் தூங்கிவிடும். சபீனாவின் கை அவள் முகத்துக்கு நேராக நீண்டு நீண்டு வந்தது. நகத்தில் பாதி அழிந்த மருதாணி, கட்டை விரலில் தகடு கிழித்த பழைய கோடு. ஒரு விரல் குறையாமல் அத்தனையும் இருந்தது.

"திட்டு கண்ணு" என்றாள் ரேணுகா. "நல்லா கைய நீட்டித் திட்டு."